ஐம்பதாம் வரிக்கு யாரும் போகவில்லை

என்னைப் பெத்த அம்மா,

நல்ல சேதியோடு தொடங்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. நீ கண்ணை மூடி இரண்டாவது மழைக்காலமும் வந்துவிட்டது, எனக்குக் கோபம் ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் கம்பியூட்டர் படித்தேன் அம்மா. பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேனே, அதற்கு ஒரு வழியாக இருக்கட்டும் என்று சேர்ந்தேன். பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வகுப்பு. டிவிப் பெட்டியோடு இணைத்த ஒரே ஒரு மெஷின். அதற்குப் பேசிக் என்று ஒரு பாஷை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கென்றே செய்தது என்றார் பாடம் நடத்தும் சேர்.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. பத்து, இருபது, முப்பது என்று இடம் விட்டு எழுத வேண்டும். எதையாவது பிறகு சேர்ப்பதென்றால் நடுவில் செருகிக்கொள்ளலாம். 'இன்புட்' என்று எழுதினால் மெஷின் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நிற்கும். பதில் வரும் வரை அடுத்த வரிக்கு நகராது.

அதைப் பார்த்த அன்று உன் நினைவுதான் வந்தது. உன்னிடம் யார் அப்படி நின்று கேட்டார்கள்?

தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டர் ஐயா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என்னா?"

"வயித்துல நோவுதுங்க ஐயா."

"போன கிழமையும் வந்தியே. மிக்சர் மருந்து குடிச்சியா?"

"குடிச்சேங்க."

"இன்னொரு போத்தல் குடி. அடுத்த ஆள்."

நான் வாயைத் திறந்தேன். நீ என் கையை இழுத்தாய். "பேசாம வா புள்ள. நாளைக்கும் இவருகிட்டதான வரணும்."

உன்னால் எழும்பவே முடியாமல் போனபோதுதான் தோட்டத்து லொறி வந்தது. பதுளை பெரியாஸ்பத்திரி டொக்டர் அம்மா உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?" எங்கே இருந்தோம் அம்மா? டிஸ்பென்சரி வரிசையில்தானே இருந்தோம்?

டொக்டர் ஐயா மீது மட்டுமில்லை, உன் மீதும் எனக்குக் கோபம். அவருக்கு மனம் நோகக்கூடாது என்று நீ பார்த்துக்கொண்டாய். உன் நோவை யார் பார்த்தார்கள்?

போன மாதம் சேர் ஒரு பயிற்சி கொடுத்தார். கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். மெஷினைப் பார்க்க ஊர்ப் பெரியவர்களும் தோட்டங்களை நடத்தும் துரைமாரும் வரப்போகிறார்கள், நன்றாகச் செய்கிறவருக்கு வகுப்பிலேயே உதவி ஆசிரியர் வேலை என்றார். அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் டிஸ்பென்சரியை எழுதினேன். எங்கே வலிக்கிறது என்று கேட்கும். எத்தனை நாளாக என்று நாற்பதாம் வரியில் பதிலை வாங்கும். ஐம்பதாம் வரிதான் முக்கியம்: ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு மேல் என்றால் பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு. இல்லையென்றால் அறுபதாம் வரி, மிக்சர் குடி.

துணிக்கடைக்காரர் மகன் நவாஸும் எங்கள் வகுப்புத்தான். எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, வீணா கஷ்டப்படுறீங்க. தோட்டத்துல என்ன நோவு, என்ன வருத்தம் சொன்னாலும் ஒரே மிக்சர்தானே? ஒரு வரியோட முடிச்சிருக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள்.

சேர் சிரிக்கவில்லை. "மிஸ், வாறவங்க பெரிய ஆக்கள். யாருக்கும் மனம் நோகாத மாதிரி மாத்துங்க."

நான் தலையாட்டினேன். நீ பழக்கிய தலையாட்டல். பஸ்ஸில் லுணுகலைப் பாதையில் வீடு திரும்பும்போதுதான் உடம்பெல்லாம் எரிந்தது. நவாஸ் சொன்னது பகிடி இல்லை, உண்மை. அதனால்தான் அத்தனை எரிச்சல்.

மறுநாள் மாற்றினேன். எதையும் அழிக்கவில்லை. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு வரி செருகினேன்: நாற்பத்தைந்து, அறுபதுக்குப் போ. ஐம்பதாம் வரி அப்படியே இருந்தது, பெரியாஸ்பத்திரி பதுளையில் இருக்கிற மாதிரி. யாரும் அங்கே போய்ச் சேர முடியாது, அவ்வளவுதான்.

பெரியவர்கள் வந்த அன்று துரை ஒருவர் மெஷின் முன் உட்கார்ந்தார். தலைவலி, ஒரு நாள் என்று தட்டினார். மிக்சர் குடி என்றது மெஷின். ரசித்தார். நெஞ்சுவலி, முப்பது நாள். மிக்சர் குடி. வயிற்றுவலி, அறுபது நாள். மிக்சர் குடி.

"இது என்ன, கெட்டுப் போச்சா?"

சேர் ஓடி வந்தார். "சின்னப் பிழை சேர், இப்ப திருத்திடலாம்."

"பிழை இல்லைங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "எங்க தோட்டத்து டிஸ்பென்சரி இப்படித்தான் வேல செய்யுது. எங்கம்மா கடைசி வரைக்கும் இந்த மிக்சரத்தான் குடிச்சாங்க."

துரை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். டொக்டர் ஐயாவின் பெயரையும் சொன்னேன். பார்ப்போம் என்று எழும்பிப் போய்விட்டார்.

வேலை நவாஸுக்குக் கிடைத்தது. வகுப்பு முடிந்து சர்டிபிகேட் கையில் தந்தபோது சேர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு வேலை வேணுமா, சண்டை வேணுமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். இரண்டும் வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

ஒன்றும் மாறிவிடவில்லை அம்மா. அதே டொக்டர் ஐயா, அதே போத்தல். பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பேச்சியக்கா மூன்று கிழமையாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். நானும் டிஸ்பென்சரிக்கு வருகிறேன் என்றதற்கு நேற்று, "நீ வந்தா ஐயா கோவிச்சுக்குவாரு புள்ள" என்றாள். கோவித்துக்கொள்ளட்டும் என்றேன்.

நாளை அவளோடு போகிறேன். பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதித் தரும் வரை அவர் மேசையை விட்டு நகரமாட்டேன். எனக்குப் பின்னால் வரிசை லயம் வரைக்கும் நீளட்டும். இது உனக்குத் தருகிற வாக்கு.

பேசத் தொடங்கிவிட்ட,
உன் மூத்த மகள்