சல்லடையில் நின்றது

பிப்ரவரி 8

இன்றிலிருந்து இந்தப் போனிடம் பேசப்போகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசினால் இது எழுதிக்கொள்ளுமாம், தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளுமாம். மகள் அமைத்துக் கொடுத்தாள். "ஒரே கதைய எங்ககிட்ட திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு, இதுகிட்டச் சொல்லுங்கப்பா. இதுக்குக் கோவம் வராது." ரேடியோ செய்தி மாதிரி நறுக்கென்று பேசினால்தான் பிழையில்லாமல் எழுதுமாம். பேசுகிறேன். எழுதியதை என்னால் படிக்க முடியாது. மறக்கிறவனுக்குத்தானே படிப்பு வேண்டும்? நான் பூசிய சுவர் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி. இந்த வீட்டில் மகள், மாப்பிள்ளை, நான், மாப்பிள்ளையின் அப்பா. இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே அறை. சம்பந்தி தையல்காரர், நான் கொத்தனார். ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. பையன் வீடு அல்லவா.

பால்கனியிலும் அதே கதைதான். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டிருக்கிறார். வெயில் விழும் பக்கம் அவருடைய போன்சாய் மரங்கள். நிழல் பக்கம் என் நாற்காலி. காலை நீட்டினால் போதும், "சம்பந்தி, கால்" என்பார்.

பிப்ரவரி 15

சம்பந்தி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பூச்சு சரியில்லை, ஓரம் மட்டமாக இல்லை என்றேன். சிரிக்கவில்லை.

அவர் கவலை கை இல்லை, மரம். அத்தி மரம். முழ உயரம்கூட இல்லை, அடிமரம் மட்டும் என் மணிக்கட்டுத் தடிமன். தட்டு மாதிரி ஒரு தொட்டியில் நிற்கிறது. மாப்பிள்ளை பிறந்த வருடம் நட்டதாம். மரத்துக்குப் பெயர் பெரியவன். அதனால் மாப்பிள்ளை சின்னவன். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தும் அவருக்குத் தம்பி ஸ்தானம்தான்.

பெரியவனுக்கு மண் மாற்றும் பருவம் இது. வேர் தொட்டி முழுக்க முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த வருடம் விட்டால் வெயில் காலத்தில் வேரே வேரை நெரித்துவிடும் என்கிறார். நாள் முழுக்க என் கைகளையே பார்த்தார்.

பிப்ரவரி 17

கேட்டுவிட்டார். பெரியவனுக்கு நான் மண் மாற்றித் தர வேண்டுமாம். வலிக்கிற மாதிரி கேட்டார்.

செங்கல் உடைத்த சல்லி, ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய இலை. மூன்றையும் சலித்துக் கலக்க வேண்டும். எப்படிச் சலிக்க வேண்டும் என்று கேட்டேன். "மண்ணு சலிக்க உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? பொழப்பே அதுதானே" என்றார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பிப்ரவரி 22

முடிந்தது. கை மறக்கவில்லை.

கீழே கேட் பக்கம் உட்கார்ந்து சலித்தேன். என் முதல் மேஸ்திரி மணலை வாயில் போட்டுப் பார்ப்பார். பல்லில் நறநறத்தால் மூஞ்சியிலேயே வீசுவார். அந்த மணலில் பூசிய தண்ணீர்த் தொட்டி இன்றைக்கும் ஒரு சொட்டு கசியவில்லை. அதே பதத்தில் சலித்தேன். கீழே விழுந்தது மாவு மாதிரி இருந்தது. சல்லடையில் நின்ற பருக்கையைக் குழாயடிப் பள்ளத்தில் கொட்டி நிரவிவிட்டேன். அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கும். வாட்ச்மேனுக்குச் சந்தோஷம்.

சம்பந்தி பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்கும்போது உள்ளே நிற்கிற அப்பன் உண்டா என்றார். வெட்ட வேண்டிய கிளைகளில் இடது கையாலேயே சிவப்பு நூல் கட்டி வைத்துவிட்டு, போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கிளையை வெட்டினேன், வேரை வெட்டினேன், பழைய மண்ணை உதறிப் புது மண்ணை இட்டு அழுத்தினேன். மேலே அவர் எடுத்து வைத்திருந்த பச்சைப் பாசியை விரித்தேன். வெட்டிய குப்பையையும் குழாயடியிலேயே போட்டேன்.

வந்து பார்த்தார். பாசியைத் தடவினார். "பூச்சு மட்டமா இருக்கு" என்றார். அன்றைக்குச் சிரிக்காத சிரிப்பை இன்றைக்குச் சிரித்தார்.

மார்ச் 6

இரண்டு இலை மஞ்சள். மண் மாற்றினால் அப்படித்தான் ஆகும் என்கிறார் சம்பந்தி. அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை.

மார்ச் 13

இன்று ஒரு கை நிறைய இலை. தண்ணீர் ஊற்றினால் பாசிமேல் குளம் மாதிரி நிற்கிறது. கிட்டப் போனால் அடைத்த சாக்கடை வாடை.

சம்பந்தி உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

மார்ச் 17

அவரோட தங்கச்சி போன் பண்ணுச்சு. இங்க வந்து இருண்ணே-ன்னு ரொம்ப நாளாக் கூப்பிடுது. எப்பவும் மாட்டேன்னுதான் சொல்வாரு. இன்னைக்கு, "அது போயிருச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை, வந்துர்றேன்"னாரு. எதுன்னு தங்கச்சி கேக்கல. நானும் கேக்கல.

என்ன தப்புப் பண்ணேன்? வேர அதிகமா வெட்டிட்டேனா? அவரு சொன்ன அளவுதானே வெட்டினேன். மண்ணுல குறை இருக்காது. மண்ணுல எனக்கா குறை வரும்? — வராது. வேற என்னவோ.

அவரு போயிட்டா ஜன்னல் கட்டில் எனக்குத்தான். பால்கனி பூரா எனக்குத்தான். ஒரு மண்ணும் வேண்டாம்.

மார்ச் 19

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்.

பால் வாங்கக் கீழே இறங்கினேன். குழாய் எப்போதும்போல ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் பள்ளத்தில் தண்ணீரைக் காணோம். நான் கொட்டிய பருக்கைக்குள் விழுகிற தண்ணீர் விழுந்த கணமே காணாமல் போகிறது. அதன் நடுவில் ஒரு குச்சி, சிவப்பு நூல் கட்டிய குச்சி. பெரியவனிடம் நான் வெட்டிப்போட்ட கிளை. நுனியில் இரண்டு இலை, பச்சைப் பசேலென்று. மெதுவாகக் கிளறிப் பார்த்தேன். வெள்ளை நூல் மாதிரி வேர் விட்டிருக்கிறது.

வேர் இல்லாத குச்சி குப்பையில் பிழைக்கிறது. அத்தனை வேர் உள்ள மரம் என் மண்ணில் சாகிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காலமெல்லாம் கீழே விழுந்ததை எடுத்தேன், மேலே நின்றதைக் கொட்டினேன். பூச்சு வேலைக்கு அதுதான் சரி, தண்ணீர் இறங்கக் கூடாதே. மரத்துக்குத் தண்ணீர் இறங்க வேண்டும், காற்றும் போக வேண்டும். நான் தொட்டியில் மண் போடவில்லை. பெரியவனைச் சுற்றிக் கசியாத தொட்டி கட்டியிருக்கிறேன்!

பால் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 20

நேற்று சம்பந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாமதமாகத்தான் வந்தார். இன்று காலையில் கைபிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். குச்சியைப் பார்த்தார், பருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதத்தானே சம்பந்தி தொட்டியில போடணும்?"

"அது எனக்கு நேத்துதான் தெரியும்."

"அப்ப தொட்டியில போட்டது?"

"கீழ விழுந்தது."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"வெட்டின துணிய வெளிய வீசிட்டு, கீழ கிடந்த பிசிற வச்சு எம்பிள்ளைக்குச் சட்ட தச்சிருக்கீங்க."

"தச்சதோட விட்டனா? கஞ்சி போட்டு விறைப்பாக் காய வச்சிட்டேன்."

வாட்ச்மேன் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு சம்பந்தி சிரிப்பை நிறுத்தினார். எல்லோரும் சலிப்பது அவர் சலிக்கிற மாதிரிதான் என்று நினைத்துவிட்டாராம். நானும் அப்படித்தானே நினைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் இன்னொரு முறை பிடுங்கினால் தாங்குமா என்று மகள் பயந்தாள். பிடுங்காவிட்டால் நிச்சயம் தாங்காது என்றார் சம்பந்தி. இந்தத் தடவை சுவர் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

புதுச் செங்கல் உடைத்துச் சலித்தேன். கை தானாகக் கீழே விழுந்த தூளுக்குப் போயிற்று. இடது கையால் வலது கையை ஓர் அடி அடித்தேன். நின்ற பருக்கையைத் தூள் போகக் கழுவினேன். மரத்தைத் தூக்கினால் மண் பாளமாக வந்தது. ஓரத்து வேரெல்லாம் கறுத்து, தொட்டால் நனைந்த நூல் மாதிரி அறுந்தது. அடிமரத்தை ஒட்டி மட்டும் கொஞ்சம் வெள்ளை. அந்தக் கொஞ்சத்தைப் பார்த்ததும் சம்பந்திக்கு மூச்சு வந்தது.

"கறுப்ப வெட்டு. வெட்டுடா. வெள்ளையத் தொடாத."

"சரிடா."

பிறகு இருவருமே காதில் விழாத மாதிரி இருந்துவிட்டோம்.

மரம் ஆடாமல் கம்பியால் தொட்டியோடு கட்டினேன். கம்பி கட்டுவது நம்ம வேலை. பருக்கையை வேர் இடுக்கெல்லாம் குச்சியால் குத்தி இறக்கினேன். தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய கையோடு அடித் துளை வழியாகச் சடசடவென்று கொட்டியது. கீழ்வீட்டு அம்மா, எங்க துணிமேல தண்ணி ஒழுகுது என்று சத்தம் போட்டார். சம்பந்தி பால்கனிக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, "ஒழுகுதாம்மா? நல்லா ஒழுகுதா?" என்று கேட்டார்.

தண்ணீரை நிறுத்திப் பிழைத்தவன் நான். ஒழுகுகிற சத்தம் இப்படி இனிக்கும் என்று தெரியாது.

மார்ச் 28

மொட்டை மரம். இலை ஒன்றும் இல்லை. நிழலில் வைத்திருக்கிறோம், அதாவது என் பக்கத்தில். கோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நாற்காலியை அறைக்குள் போட்டுக்கொண்டேன்.

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை.

ஏப்ரல் 5

விடிந்தும் விடியாமலும் என் போர்வையை இழுத்தார். பல் விளக்காமல், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பால்கனியைக் காட்டுகிறார். அடிமரத்தில், பட்டையைப் பிளந்துகொண்டு, ஊசிமுனை அளவில் ஒரு சிவப்பு.

மாப்பிள்ளையை எழுப்பினார். "டேய் சின்னவனே, அண்ணன் கண்ணு முழிச்சுட்டான்டா." ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனைப் பார்க்க எழுந்து வந்தார் மாப்பிள்ளை, பாவம்.

ஏப்ரல் 6

இன்னும் மூன்று சிவப்பு!

ஏப்ரல் 12

எண்ணுவதை விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 24

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். முதல் வேலையாக இஞ்ச் டேப்பை எடுத்து மரத்தை அளந்தார். எப்போதையும்விட இலை சின்னதாக, நெருக்கமாக வந்திருக்கிறதாம். போன்சாய்க்கு இலை சின்னதாக வருவதுதான் அழகாம். "பட்டினி போட்டு, சாகடிச்சு, பொழைக்க வச்சா இப்படி வரும்போல" என்றார். அந்த வைத்தியத்தை வருடா வருடம் செய்து தருகிறேன் என்றேன். கையில் இருந்த டேப்பால் என்னை அடித்தார். கை சரியாகிவிட்டது.

தங்கைக்குப் போன் போட்டார். ஒரு வாரம் தங்கிட்டு வர்றேன், அதுக்கு மேல ஆகாது, இங்க வேலை கிடக்கு என்றார்.

மே 17

பூங்காவில் செடிக் கண்காட்சி. பெரியவனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்திலும் திட்டு வாங்கினார்.

மரங்களைப் பார்த்து மார்க் போட ஓர் அம்மா வந்தார். இலையைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மண்ணில் ஊற்றிவிட்டு, குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தார். சடசடவென்று கொட்டியது. நிமிர்ந்து, யார் வளர்த்தது என்று கேட்டார்.

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "தையல் என்னோடது. துணி எங்க சம்பந்தியோடது."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முதல் பரிசு நீல ரிப்பனைத் தொட்டியில் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள் வந்து மண்ணைப் பற்றியே கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன்: சல்லடையில் நிக்கறத எடுங்க, விழறத விடுங்க. ஒருவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு மனுஷன் எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஜூன் 2

குழாயடிக் குச்சியைச் சின்னத் தொட்டியில் வைத்து மேலே கொண்டுவந்தேன். என்னுடைய முதல் மரம். சிவப்பு நூலை அவிழ்க்கவில்லை. பெரியவனோட பிள்ளை என்றால் எனக்குப் பேரன் என்றார் சம்பந்தி. பேரன் மட்டும் சம்பந்திகளுக்குப் பொதுச் சொத்து, தனியாகக் கொண்டாட முடியாது என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஆனால் நிழலில் இருந்தால் வளர மாட்டானே? நான் கேட்கவில்லை. என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 3

மகள் பால்கனியைக் கழுவிவிட்டாள். கோடு அழிந்துவிட்டது. தரை காயும் வரை சம்பந்தி காத்திருந்தார். பிறகு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, திரும்பவும் கோடு போட்டார். இஞ்ச் டேப் வைத்து அளந்து, ஒரு நூல் பிசகாமல், வெயிலில் பாதி என் பக்கம் வருகிற மாதிரி.