அசரியாவின் பை

கிழக்குத் தாம்பரம்
14.3.1995

அன்பு மகள் ஹெப்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் எங்கள் கட்சியில் இல்லை. மஸ்கட்டில் நீயும் மருமகனும் குட்டிப்பயலும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. போன மாதம் நாசரேத்தில் அத்தை வீட்டில் பதினேழு நாள் இருந்துவிட்டு வந்தோம் என்று எழுதினேனே, அது பொய். அத்தை போட்ட மாங்காய் ஊறுகாயில் உப்பு தூக்கல் என்று வேறு எழுதியிருந்தேன், ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற அதே கையால். அந்தப் பதினேழு நாளும் உன் அப்பாவும் நானும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு தாய்லாந்தில் திரிந்தோம். பாங்காக்கில் எட்டுப் பேர் படுக்கிற ஒரே அறையில், ரயிலில் இருப்பதுபோல் அடுக்குக் கட்டிலில், மேல் கட்டில்தான் எனக்குக் கிடைத்தது. ஐம்பத்துமூன்று வயதில் எப்படியோ ஏறிவிட்டேன், இறங்கத்தான் தெரியவில்லை. இரண்டு ஜெர்மன் பெண்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து, வீடு மாற்றும்போது பீரோ இறக்குவார்களே, அப்படி இறக்கினார்கள். உன் அப்பா கை கொடுக்காமல் கீழே நின்று, லெஃப்ட்ல, லெஃப்ட்ல, செவுத்துல இடிக்கப் போறா என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

கோபப்படாதே. அங்கே போய் எதைப் பார்க்கப் போறீங்க, வேண்டாம்மா என்று நீ போனில் அழுதபோது அப்பா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் அசரியாவின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். உன் தம்பி போன இந்த ஒன்றேகால் வருஷத்தில் அவர் அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. பாங்க் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது, பையத் தூக்கிட்டுத் திரியறவன் எனக்குப் பிள்ளையில்ல போடா என்று சொன்னாரே, அந்த வார்த்தையோடு சரி. மீனம்பாக்கத்துக்கு வழியனுப்பவும் வரவில்லை. மலேரியா வந்து ஏழாம் நாள், இருபத்தாறு வயதில் பிள்ளை போய், அந்த ஊர் பாஸ்டர் தந்தி கொடுத்து, எங்களுக்கு அப்போது பாஸ்போர்ட் இல்லாமல் அவர்களே அடக்கம் பண்ணி, எல்லாம் நாம் பார்க்காமலே நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு அப்பா வாசல் கேட்டைத் தாண்டுவதை நிறுத்தினார், பிறகு முகச்சவரத்தை, பிறகு ராத்திரிச் சாப்பாட்டை. மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாக என் கண் முன்னாலேயே கழன்றுகொண்டிருந்தார். இந்த ஜனவரியில் அதே பாஸ்டர் ஒரு கடிதம் போட்டார், அசரியா கடைசியாகத் தங்கிய விடுதியில் பயணிகள் விட்டுப்போன பைகளை ஒரு அறையில் வைத்திருக்கிறார்கள், அவன் பையும் அதில் இருக்கலாம் என்று. அப்பா அதை நாலு தடவை படித்தார். படித்துவிட்டு, போய் எடுத்துட்டு வந்துரலாம் ரத்தினம் என்றார். நான் வழிக்குப் பருப்புப்பொடி இடிக்கப் போய்விட்டேன்.

போவது என்றால் அவன் போன வழியில், அவன் தங்கின இடத்தில், அவன் செலவழித்த அளவில்தான் என்றார். ஒரு நாளைக்கு அந்த ஊர்க் காசு நூறு பாத்தில் ராஜா மாதிரி இருக்கிறேன் என்று ஒரு கார்டில் எழுதியிருந்தான் அல்லவா, சரி, நானும் ராணியாகிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். கோலாலம்பூர் வரை விமானம், அங்கிருந்து இரண்டு நாள் ரயில். அவன் போட்ட ஆறு போஸ்ட் கார்டுகள்தான் எங்களுக்கு மேப். உன் அப்பா முப்பத்தொரு வருஷம் ஆபீசில் தபால் பிரிவில் குப்பை கொட்டியவர், வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சிவப்பு மையில் வரவு எண்ணும் வந்த தேதியும் போட்டுவிட்டுத்தான் பிரிப்பார். உன் தம்பி கார்டில் தேதி போடுகிற ஜாதி இல்லை. ஆகவே அப்பா போட்ட வரவு எண் வரிசையிலேயே பயணம் செய்தோம். பாங்காக்கிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வடக்கே சியாங்மாய் போனோம், அங்கிருந்து திரும்ப அவ்வளவு தூரமும் தெற்கே இறங்கி காஞ்சனபுரி வந்தோம், அங்கே நான் அந்த ஊர்க் கார்டைத் திருப்பிப் பார்த்தால், இனிமேல்தான் வடக்கே போகப் போகிறேன் என்று பிள்ளை தெளிவாக எழுதியிருக்கிறான். முதலில் எழுதிய கார்டு தபாலில் தூங்கிவிட்டுப் பிந்தி வந்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை ஹெப்சி. சும்மா இருக்கத் தெரியாத உன் அம்மா சும்மா இருந்தாள். ஏனென்றால் தெற்கே வந்த அந்த ரயிலில்தான் அப்பா, அசரியா இந்த ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருப்பான் என்று முதல் தடவையாகப் பெயர் சொல்லிப் பேசினார். தப்பான ரயிலாக இருந்தால் என்ன, இன்னும் இரண்டு தடவை போய் வந்தாலும் எனக்குச் சம்மதம் என்று தோன்றியது.

மறுபடி சியாங்மாய் போய் முன்பு தங்கின அதே விடுதியில் நின்றோம். அந்த விடுதிக்காரி எங்களைப் பார்த்ததும் மெயின் ஸ்விட்சைக் கையால் மறைத்துக்கொண்டாள், முதல் தடவை நான் தண்ணீர் காய்ச்சும் கம்பியை மக்கில் போட்டு ரவைக் கஞ்சி வைத்து அந்த மாடி முழுக்க ஃபேனை நிறுத்தியிருந்தேன். முன்னாலேயே எழுத விட்டுப்போயிற்று, காஞ்சனபுரியில் உலக யுத்தத்தில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அப்பா வெயிலில் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வயதை வாசித்துக்கொண்டே போனார். இருபத்திரண்டு, இருபத்துநாலு, இருபத்தொன்று. இருபத்தாறு என்று ஒரு கல் வந்ததும் அதற்குமேல் வாசிக்கவில்லை.

கடைசியில், பிள்ளையை அடக்கம் பண்ணின அந்த ஆற்றோரத்து ஊர். நம் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் அளவுக்குத்தான் அந்த பாஸ்டரின் கோயில், பின்னாலேயே கல்லறைத் தோட்டம். சிமெண்டுப் பலகையில் அவர்கள் எழுத்திலும் கீழே இங்கிலீஷிலும் பெயர், புல் கூட வெட்டி வைத்திருந்தார்கள். அழுவேன் என்று நினைத்துக் கைக்குட்டை இரண்டு கொண்டுபோயிருந்தேன், எனக்கு வரவில்லை, கல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்காரி புத்திதான் வந்தது. அப்பா இரண்டு கைக்குட்டையையும் வாங்கி நனைத்துப் பெயரைத் துடைத்தார். துடைத்துவிட்டு, டேய் அசரியா, அப்பா வந்துட்டேன்டா, பையத் தூக்கிட்டுத்தான்டா வந்திருக்கேன் என்றார். அப்போது எனக்கு வந்தது. இதற்குமேல் அதை எழுத முடியாது.

விடுதிக்கு நடந்தோம். அந்த அறையில் இருபது முப்பது பைகள், ஒன்றின்மேல் ஒன்று. எங்கள் பாஷை அங்கே இருந்த விடுதிக்காரிக்குத் தெரியாது, அவள் பாஷை எங்களுக்கு வராது, இண்டியா, இண்டியா என்று அப்பா தன் நெஞ்சைத் தட்டினார், அவளும் தலையாட்டிவிட்டு நீலத்தில் ஒன்றை இழுத்துப் போட்டாள். பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. அப்பா அதைப் பிரிக்கவும் இல்லை, பிரிக்க விடவும் இல்லை. சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டவர்தான், தாம்பரம் வரும்வரை என் கையில் தரவில்லை, விமானத்திலும் மடியில் வைத்திருந்தார். தெருமுனையில் கங்கையம்மாள், அதுதான் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு ஊர்வம்பு வாங்குகிறவள், எங்களைப் பார்த்து, இன்னா சார், சின்னவராட்டமே பை மாட்டிகினு வர்றீங்க, நாசரேத்துல இதான் ஃபேஷனா என்று கேட்டாள். அப்பா சிரித்தார், ஆமாம்மா, என் பையன் பைதான் என்றார்.

இப்போது தினமும் காலையில் அந்தப் பையை மாட்டிக்கொண்டு சேலையூர் ஏரி வரை நடக்கிறார். சவரம் செய்துகொள்கிறார், ராத்திரி மூன்று சப்பாத்தி. பையில் இரண்டு பேண்ட், ஒரு கொசுவலை, ஒரு அலுமினியத் தட்டு, பாதி சோப்பு, அவ்வளவுதான். சோப்பை உலர்த்திக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார். போன ஞாயிறு ஒரு பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தார், பார்த்தியா ரத்தினம், பய என் அளவுக்கே வளர்ந்திருக்கான், நான்தான் கவனிக்காம இருந்துட்டேன் என்று போகிற வழியெல்லாம் சொன்னார். நீ அடுத்த தடவை போன் பண்ணும்போது பையைப் பற்றிக் கேள், பூரித்துப்போவார். குட்டிப்பயலுக்கு இருமல் விடவில்லை என்றால் ஏசியைக் குறை. நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டுமா, இருந்தாலும் சொல்கிறேன். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நாசரேத்து அத்தை ஊறுகாய் பற்றிக் கேட்டு எழுதினால் நீ ஒன்றும் தெரியாத மாதிரி இரு.

அன்புள்ள அம்மா
ரத்தினபாய் சத்தியநாதன்

கடிதத்தை ஒட்டுகிற மடிப்பில் எழுதுகிறேன், இது உனக்கு மட்டும், மருமகனுக்கும் வேண்டாம். நேற்று அந்தப் பேண்ட்டைத் துவைத்தேன். உள்பட்டியில் இடுப்பு முப்பத்தெட்டு என்று இருக்கிறது. தம்பிக்கு நான் கடைசியாக எடுத்துக் கொடுத்தது இருபத்தெட்டு.