முன்னால் நின்ற முதுகு

அண்ணாச்சி,

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு தேய்ப்பு வண்டி. தண்ணீர் தெளித்த சட்டைமேல் பெட்டியை வைத்ததும் கரிச்சூடும் துணி வாசமுமாக ஆவி எழுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், வீட்டுக்குப் போகிற பஸ் மூன்றை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது. அந்த வாசம் வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, தெரியும். இருந்தாலும் வேறு யாரிடம் சொல்ல?

ஆணை விரும்பும் ஆண்கள் நாலு பேர் பயமில்லாமல் உட்கார்ந்து பேச இந்த ஊரில் உங்கள் தேய்ப்புக் கடையை விட்டால் வேறு இடம் இருந்ததில்லை. துணியோடு வருகிறவனை எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வாரம் மூன்று தடவை வருவதற்குச் சட்டைக்கு எங்கே போவது? தேய்த்ததையே வழியில் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வருவோம். நீங்கள் உதறிப் பார்த்துவிட்டு, "ஏலே, வீட்ல மாடு வளக்கியளா? சவச்சுத் துப்புனாப்ல இருக்கு" என்பீர்கள். திரும்ப வாங்கும்போது சட்டைப்பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். யார் எப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும், யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, எல்லாம் அதில்தான். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் இரண்டு பெண்களும் சேலைகளைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். ஊருக்கு அவர்கள் அக்கா தங்கை. அவர்கள் ஒன்றாக வாழ்கிறவர்கள் என்பது உங்கள் கடைக்கு மட்டும் தெரியும்.

எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த பிறகும் மூன்று மாதம் நான் மாத்திரை வாங்கப் போகவில்லை. நோயைவிட அந்த வரிசைக்குத்தான் பயந்தேன். பலகை மாட்டிய அந்த வாசலில் நின்றாலே போதும், எதற்கு நிற்கிறான் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு என் மதினியின் தம்பி, அவர்கள் சித்தப்பா மகன், அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் வீட்டில் எனக்குத் தட்டும் தம்ளரும் தனியாகிவிடும். அண்ணன் பிள்ளைகளை என்னிடம் விடமாட்டார்கள்.

நீங்கள் என்னை அதட்டவில்லை. "நான் முன்னாடி நிக்கேன். நீ எம் முதுகோட ஒட்டி நில்லு. பாக்கவன் என்னயப் பாத்துட்டுப் போயிருவான்" என்றீர்கள். அப்படியே நின்றீர்கள். உங்கள் சட்டையை நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்தபோது முதுகுப் பக்கம் சுருண்டு கிடந்தது. "ஊருக்கே தேய்க்கவன் சட்டையப் பாரு" என்று சிரித்தீர்கள். பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் வரக்கூடாதென்று மாத்திரை டப்பாவில் பஞ்சு வைக்கச் சொல்லித் தந்ததும் அன்றைக்குத்தான். அதன் பிறகு எத்தனை பேருக்கு அப்படி முன்னால் நின்றீர்கள்! எங்கள் தேதியெல்லாம் எழுதி வைத்தவர், உங்கள் இருமலை மட்டும் கரிப்புகை என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டீர்கள். கடைசியில் காசம் என்றார்கள்.

வார்டில் உங்களோடு இருக்க முறை போட்டோம். வியாழக்கிழமை என் முறை. பிளாஸ்கில் கஞ்சியோடு வந்தேன். வார்டு வாசலில் மதினியின் தம்பி யாரிடமோ பேசிக்கொண்டு நின்றான். நான் கஞ்சியை அப்பளக்கார அக்கா கையில் கொடுத்து, நான் வேலை பார்க்கும் கடையில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமை நீங்கள் இல்லை. "அவன் பயந்தவம்லா, விடு. கஞ்சி நல்லாருக்குன்னு சொல்லு" என்று நீங்கள் சொன்னதாக அக்கா சொன்னார்கள். திட்டியிருக்கலாம் அண்ணாச்சி. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இன்று காலை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். வாழைத்தார் ஏற்றுகிற வேலை. நம் ஆள்தான். உடம்பு பாதியாகிவிட்டது, மாத்திரையை இனியும் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தடவை வாசல் வரை வந்து ஓடியவர். இன்றும் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, அடுத்த மாசம் வாரேனே" என்றார். முகம் வெளிறிக் கிடந்தது. யோசிக்காமல் என் வாயில் வந்துவிட்டது: "நான் முன்னாடி நிக்கேன். எம் முதுகோட நில்லும்."

எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருந்தபோது அவன் வந்தான், மதினியின் தம்பி. கையில் ஏதோ ஃபைல். தாண்டிப் போனவன் நின்று திரும்பினான். மேலே பலகையைப் பார்த்தான், பிறகு என்னை. "என்ன மச்சான், இங்கன நிக்கீங்க?"

ஒருவருக்குத் துணைக்கு வந்தேன் என்று சொன்னால் தப்பித்திருப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் யாருக்கு என்று அவன் பார்வை எனக்குப் பின்னால் போகும். பின்னால் ஒரு கை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கை இன்று விட்டுவிட்டால் இனி இந்த வாசலுக்கு வராது.

"மாத்திர வாங்க வந்தேன்" என்றேன். "எனக்குத்தான்."

அவன் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். போகும்போதே செல்லை எடுத்தான்.

மாத்திரை வாங்கியதும் அவர் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்து ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதற்குள் மதினி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. சும்மா கூப்பிட்டார்களோ, தெரிந்து கூப்பிட்டார்களோ. உங்களுக்கும் அந்த வரிசையில் பயமாக இருந்திருக்குமா என்று இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை.

தேய்ப்பு வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "சார், சட்டை முதுகுல ரொம்பக் கசங்கிக் கெடக்கு. கழட்டித் தந்தா ஒரு இழுப்பு இழுத்துத் தாரேன்" என்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பஸ் வருகிறது அண்ணாச்சி. இதே சட்டையோடு வீட்டுக்குப் போகிறேன்.