உங்கள் கல்வெட்டில் அப்பாவுக்கு ஒரு வரி

அக்கா,

உங்களுடைய கல்வெட்டின் புரூஃப் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் உங்கள் மகள் அதைக் கதவுத் துவாரத்தால் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். எடுத்து விரித்தால் அச்சு மை மணக்கிறது. அட்டையில் நீங்கள் இருக்கிறீர்கள். யாருடையதோ கலியாண வீட்டில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எறிந்துவிட்டார்கள். என் தோள்மூட்டு மட்டும் மிச்சம். உங்களோடு சேர்ந்து நானும் அரைவாசி கல்வெட்டுக்குள் போய்விட்டேன் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கிற இந்தச் சின்னப் புத்தகத்தை நீங்கள் எவ்வளவு ஆசையாக வாசிப்பீர்கள்! முன்பின் தெரியாதவர்களுடையதைக்கூட விடமாட்டீர்கள். "ஒரு மனிசரை முழுசா எழுதுறது இதிலை மட்டுந்தான்" என்பீர்கள். கொஞ்சம் பொறுத்து, "கூடப் பொய் எழுதுறதும் இதிலைதான்" என்றும் நீங்களே சொல்வீர்கள்.

அந்தப் பொய் உங்களுடையதிலும் வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில், உங்கள் வாழ்க்கை வரலாறு தொடங்குகிற இடத்தில், நீங்கள் ஒரு "பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தரின் கனிஷ்ட புத்திரி" என்று போட்டிருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தராம்! ஏதோ கந்தோரில் இருந்து கோப்புக் கட்டினவர் மாதிரி. உடனே உங்கள் மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"மாமாதான் அப்பிடிப் போடச் சொன்னவர், அன்ரி. வாற ஆக்கள் கன பேர் ஊரிலை குண்டு விழுந்து சொந்தங்களைக் குடுத்தவை. அவையின்ரை கையிலை இதைக் குடுத்திட்டு, அம்மப்பா குண்டு போடுற பொம்பரிலை போனவர் எண்டு எப்பிடிப் போடுறது? உங்களுக்கே தெரியுந்தானே."

எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதனால்தான் சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலமாக இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னேரத்துக்குள் திருத்தம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

நாங்கள் அறிமுகமானது உங்கள் சட்டைகளால். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனில் மோர்டனுக்கு வந்து, வீட்டு முன்னறையில் தையல் மெசினைப் போட்டு, தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தேன். முதலில் வந்த ஆள் நீங்கள். "பிள்ளை, பிளவுஸ் எல்லாம் சுருங்கிப்போச்சு. லண்டன் தண்ணி சரியில்லை" என்றீர்கள். "அக்கா, பிளவுஸ் சுருங்கேல்லை" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. கோபித்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று பார்த்தால், கதிரையில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தீர்கள்.

தைத்து முடித்ததைக் கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்த நாள், குசினியில் இருத்தித் தேத்தண்ணி தந்தீர்கள். "ஊரிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டீர்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் வருகிற கேள்விதான். நான் தம்பியைச் சொன்னேன். மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன். பொம்பர் சுற்றுகிற சத்தம் கேட்டு மதகுக்குக் கீழே படுத்தவன். அந்த மதகோடேயே போனவன். இருபத்திரண்டு வயது. நீங்கள் "இந்தா வாறன்" என்று எழும்பி முன்னறைக்குப் போனீர்கள். கண்ணைத் துடைக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நான் வெளிக்கிடும்போது முன்னறைச் சுவரில் ஒரு பிள்ளையார் கலண்டர் தொங்கியது. அதற்குப் பிறகு எப்போதும், "வரேக்கை ஃபோனிலை ஒரு கோல் அடிச்சிட்டு வா, பிள்ளை" என்பீர்கள். மனுசி லண்டனுக்கு வந்து வெள்ளைக்காரி ஆகிவிட்டா என்று நான் வீட்டில் பகிடி பண்ணுவேன்.

நாலு வருடம் கோல் அடித்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கொழுக்கட்டை அவித்தேன். சூடு ஆறமுதல் உங்களிடம் கொண்டுவர வேண்டும் என்ற அவதியில் ஃபோனை மறந்துவிட்டேன். உங்கள் மகள் கதவைத் திறந்தாள். நீங்கள் பின்வளவில் கொத்தமல்லி பிடுங்கிக்கொண்டு நின்றீர்கள். முன்னறையில் பிள்ளையாரைக் காணவில்லை. அந்த ஆணியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. பென்னாம்பெரிய விமானம் ஒன்று, அதன் மூக்குக்குக் கீழே தோளில் கை போட்டுக்கொண்டு ஏழு பொடியள். ஆறு பேர் வெள்ளை, ஒருவர் எங்கள் நிறம். உங்கள் மூக்கை அப்படியே அவருக்கு வைத்திருந்தது.

"தற்ஸ் அம்மப்பா, அன்ரி" என்றாள் மகள். "வேர்ள்ட் வோரிலை பொம்பர் குரூவிலை இருந்தவர். கூல், என்ன?"

பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கொத்தமல்லிக் கட்டோடு நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். கை மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"எத்தினை வரிசமா ஒளிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீ முதல் வந்த நாளிலை இருந்து."

"உங்கடை அப்பாவும் மேலை இருந்து போட்டவர்தானே, அக்கா?"

"ஓம்" என்றீர்கள்.

அவர் குண்டு போடுகிற ஆளில்லை, வயர்லெஸ் பார்த்தவர் என்று சொல்லி நீங்கள் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குத்தான் அடங்கவில்லை. "ஊரிலை ஒவ்வொரு பொம்பர் சத்தத்துக்கும் நான் என்ன கும்பிட்டனான் தெரியுமோ? அது விழவேணும், உள்ளுக்கை இருக்கிற ஒருத்தனும் வீட்டை திரும்பிப் போகக்கூடாது எண்டு" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிட்டேன். எங்கள் ஆட்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

மூன்று மாதம் கதைக்கவில்லை. கோயிலில் உங்களைக் கண்டால் தூணுக்குப் பின்னால் நின்றேன். வீட்டில் இவர், "அந்த மனிசி என்ன செய்தது? தேப்பன்ரை வேலைக்கு அவ என்ன பண்ணுறது?" என்றார். அவரோடும் இரண்டு நாள் கதைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கோபம் ஒரு கிழமையிலேயே போய்விட்டது. மிச்சம் முழுவதும் வெட்கமும் வீம்பும்தான். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

கடைசியில் வந்தது நீங்கள்தான், அதுவும் கோல் அடிக்காமல். கையில் என் கொழுக்கட்டைப் பெட்டி. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதற்குள் பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருந்தீர்கள். கமக்கட்டுக்குள் இடுக்கியபடி ஒரு பழைய நீல அட்டைக் கொப்பி. "நான் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டுப் போறன். பிறகு நீ கதைக்காட்டியும் பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள்.

அந்தக் கொப்பி உங்கள் அப்பா பறந்த பயணங்கள் எல்லாம் எழுதி வைத்தது. நீங்கள் முதலில் காட்டியது, அதில் மிக மோசமான பக்கத்தை. ஜெர்மனியில் நான் பத்து வருடம் இருந்த ஊரின் பெயர் அங்கே இருந்தது, இரண்டு இடத்தில். அங்கே என் கீழ்வீட்டில் இருந்த கிழவியைப் பற்றி உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். விமானச் சத்தம் கேட்டால் எனக்கு நித்திரை வராது என்று அறிந்து, என் கையைப் பிடித்து நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய், பதினாலு வயதில் குண்டுக்குப் பயந்து தாயோடு தான் ஒளிந்திருந்த மூலையைக் காட்டினவள். "நீ அந்த மனிசியைப் பற்றிச் சொன்ன அண்டைக்கே தேடிப் பாத்தனான். இருந்தது. அதுக்குப் பிறகு உனக்குச் சொல்ல வாய் வரேல்லை" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் திருநீற்றுக் கதை. உங்கள் அப்பா விமானத்தில் ஏறமுதல் திருநீறு பூசுவாராம். மற்ற ஆறு பேரும் முதலில் சிரித்தார்களாம். ஒருமுறை விமானம் ஓட்டை ஓட்டையாக, ஆனால் ஏழு பேரும் உயிரோடு திரும்பி வந்ததும், அடுத்த பயணத்துக்கு ஆறு பேரும் வரிசையில் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்களாம். வால் பக்கத்தில் துவக்கோடு இருப்பவன் பூசாமல் ஏறவே மாட்டானாம். ஊரிலிருந்து வரவேண்டிய திருநீறு கப்பலோடு தாமதித்துப் பை வெறுமையானபோது, உங்கள் அப்பா தங்குமிடத்து நிலக்கரி அடுப்புச் சாம்பலை அரித்து, மூச்சுக் காட்டாமல் அதையே பூசிவிட்டாராம்.

"அந்த அடுப்புச் சாம்பலோடைதான் ஒன்பது தரம் போய் வந்தவை. பிள்ளையாருக்கே நான் சொல்லேல்லை எண்டுவார் அப்பா."

முகத்தை இறுக்கி வைத்திருக்க எவ்வளவோ பார்த்தேன், அக்கா. முடியவில்லை. சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டிருந்தபடியே நீங்கள் அழத் தொடங்கிவிட்டீர்கள்.

பிறகு யாழ்ப்பாணத்துக் கதைக்கு வந்தீர்கள். வயதான காலத்தில் அப்பா தன் வளவிலேயே வெட்டிய பங்கர்க் குழிக்குள் அயலவர்களோடு இருந்தார். பொம்பர்ச் சத்தத்தை வைத்தே, "இது அங்காலை போகுது, பயப்பிடாதையுங்கோ" என்று சொல்லுவார். சொன்னது சரியாக இருக்கும். ஐயாவுக்கு எப்படித் தெரியும் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்து, பங்கருக்குள் மண் கொட்டிய ஒரு நாள், உங்கள் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாராம்: "பிள்ளை, இப்பதான் கீழை இருந்து பாக்கிறன்." அதற்குப் பிறகு சாகும்வரை தான் பறந்த அந்த யுத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லையாம்.

கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "நல்ல மனிசன், பிள்ளை. அதுவும் உண்மை. அந்த ஊரும் உண்மை. ரெண்டிலை ஒண்டை விட்டிட்டு எனக்கு அவரைச் சொல்லத் தெரியேல்லை."

நான் எழும்பிக் கேத்திலைப் போட்டேன். "குடிச்சிட்டுப் போங்கோ" என்றேன். பணியாரம் கல்லுப்போல இருந்தது. பாக்குவெட்டி எடுத்து வரட்டோ என்று கேட்டேன். நீங்கள் என் தோளில் அடித்தீர்கள். அன்றோடு எங்கள் கோபம் முடிந்தது.

அதற்குப் பிறகு கோலும் இல்லை, கலண்டரும் இல்லை. அந்த ஏழு பேரின் பெயரும் எனக்கு உங்களால் பாடமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, மூச்சு வாங்க வாங்க நீங்கள் சொன்னது: "என்ரை கல்வெட்டை நீ பார். பிழை விடாதை." எழுத்துப் பிழையைச் சொல்கிறீர்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஓம் அக்கா, பாக்கிறன் என்று தலையாட்டினேன்.

இப்போது திருத்திவிட்டேன். அரசாங்க உத்தியோகத்தரை வெட்டிவிட்டு, சிவப்பில் எழுதியிருக்கிறேன்: "இரண்டாம் உலகப் போரில் பொம்பர் விமானத்தில் வயர்லெஸ் இயக்கியவரும், பின்னாளில் யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் இருந்தவருமானவரின் கனிஷ்ட புத்திரி." வசனம் கொஞ்சம் இடறுகிறது. இடறட்டும். உங்கள் மகளுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். 

"ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது, அன்ரி?"

"என்னட்டை அனுப்பு. தம்பியைக் குடுத்தவள்தான் இதை எழுதினது எண்டு சொல்லு."

அக்கா, அந்த வரியை எழுதும்போது ஒரு இடத்தில் என் கை நின்றுவிட்டது. அந்த நிலவறையில் இருந்த பதினாலு வயதுப் பிள்ளையும் நான் கும்பிட்டதைத்தானே கும்பிட்டிருப்பாள். அவள் கும்பிட்டது பலித்திருந்தால் நீங்கள் இல்லை. லண்டனில் எனக்கு ஒரு அக்கா இல்லை. இதற்கு அந்தக் கிழவியிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பேனையை வைத்துவிட்டு அவனுடைய படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "தம்பி, அந்த ஒரு பொம்பர் விழாமல் வீட்டை வந்தது நல்லது" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் கோபிக்கமாட்டான், அக்கா. உங்களைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். நான்தானே ஒவ்வொரு நாளும் சொல்லி வைத்திருக்கிறேன்.