நாலு ஸ்பூனுக்கு இருபத்தாறு

மார்ச் 4, செவ்வாய்

8.1. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு. மருத்துவர் காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். "ஏழுக்குக் கீழ கொண்டு வாங்க. அப்புறம் குழந்தையைப் பத்திப் பேசலாம்."

எனக்குத்தான் கை வியர்த்தது. என் மனைவிக்கு இல்லை. பதினோரு வயதிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் தனக்குத் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள். படியிறங்கும்போது, "நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? ஃபெயில் ஆனது நான்" என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது மாதம். ஊசி, மீட்டர், குறிப்பு நோட்டு எல்லாம் அவள் கைப்பையில். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வாள். இந்த நோயில் எனக்கென்று ஓர் இடமில்லை. அக்கறையா இது, பொறாமையா?

மார்ச் 6, வியாழன்

குளிர்பெட்டிக் கதவில் ஓர் ஆரஞ்சு நிற பாட்டில். கடையில் வாங்கும் சாலட் டிரெஸ்ஸிங். அவள் தினம் இரண்டு வேளை ஒரு கிண்ணம் இலையும் தக்காளியும் சாப்பிடுகிறாள், மேலே இது நாலு ஸ்பூன். "இலையைத் தின்னுறதே இதுக்காகத்தான்" என்பாள். புரூஃப் பார்க்கிறவன் நான்; எதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது என் தொழில். பின்பக்கத்தைப் படித்தேன். எண்ணெய், அதற்கடுத்தது சர்க்கரை. புளிப்பு ஐந்தாவது இடத்தில்.

நானே ஒன்று செய்தேன். வினிகர், அரைத்த கடுகு, தயிர், வழக்கமாகப் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். திரிந்து தண்ணீர் தனியாக நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ஜன்னல் கண்ணாடி துடைக்கலாம். பளிச்சுனு இருக்கும்."

"சர்க்கரை கிடையாது இதுல."

"அதான் நாக்கு சொல்லுதே. இங்க பாரு, புரூஃப் சார். பாட்டில்ல ஸ்பூனுக்கு ஆறரை கிராம்னு போட்டிருக்கான். நாலு ஸ்பூனுக்கு இருபத்தாறு. அதுக்கு எவ்வளவு ஊசியோ அதைப் போட்டுக்கறேன். கதை முடிஞ்சுது. என் தட்டுல கை வைக்காத."

அவள் சொன்னதை அப்படியே இங்கே எழுதிவிட்டேன். சாக்குச் சொல்கிறாள் என்றுதான் பட்டது.

மார்ச் 9, ஞாயிறு

அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சமையலறை எனக்கு.

எண்ணெயைக் குறைத்தால் கெட்டித்தன்மை போய்விடுகிறது. சர்க்கரையைக் குறைத்தால் புளிப்பு முரட்டுத்தனமாக முன்னால் வந்து நிற்கிறது. முதல் தடவை: தயிரைத் துணியில் கட்டி வடித்தேன் — கெட்டி வந்தது, நிறம் செத்துவிட்டது. இரண்டாவது: கேரட்டை வாட்டி அரைத்துச் சேர்த்தேன் — நிறம் வந்தது, குழந்தை உணவு மாதிரி ஒரு வாசனை. மூன்றாவது: வினிகரைப் பாதியாக்கி, மீதிக்கு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைத் துருவியது கொஞ்சம், சர்க்கரை இல்லாத இனிப்புச் சொட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறதே, அதில் நாலு சொட்டு, கடைசியாக எண்ணெயை இழையாக ஊற்றிக்கொண்டே அடித்தேன்.

பாட்டிலில் இருப்பதை ஒரு ஸ்பூன், என்னுடையதை ஒரு ஸ்பூன். கண்ணை மூடிக்கொண்டு. மாறி மாறி.

ஏழாவது தடவையில் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

பாடநூல் அலுவலகத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். எங்கள் தலைமைத் திருத்துநர் அவளுக்கும் அதே உபதேசம் செய்தார். "திருத்தினதே தெரியக் கூடாதும்மா. எழுதினவரே படிச்சுட்டு, 'ஆஹா, நான் எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்'னு நினைக்கணும். அதான் திருத்தம்."

ஆறு வருடமாகக் கேட்கிற வாக்கியம். இன்று மட்டும் ஏன் காதில் தங்கியது?

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து என்னுடையதை நிரப்பினேன். லேபிள் நனையாமல். குறையக் குறைய இனி இப்படியே.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடிக்கவில்லை. கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

மீட்டரில் வெள்ளிக்கிழமை 58; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நேற்று 61. இன்று நீச்சல் குளத்தில் பிள்ளைகளை இறக்குவதற்கு முன்னால் 54. அவள் நீச்சல் கற்றுக்கொடுக்கிறவள். பிள்ளைகள் வைத்த பெயர் மீன் டீச்சர். இன்று கை நடுங்கி, பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க வைத்திருந்த மிட்டாயில் நாலைத் தானே வாயில் போட்டுக்கொண்டாளாம்.

"அதுங்க கண்ணு முன்னாடியே திருடித் தின்னேன். இனி எவனும் என்னை மதிக்க மாட்டான்" என்று சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

எண் இறங்குகிறது. பயப்படத்தான் வேண்டும், தெரியும். உள்ளே ஒரு மூலையில் நான் மகிழ்ந்தேன். எழுதித்தானே ஆக வேண்டும். மகிழ்ந்தேன்.

மார்ச் 20, வியாழன்

தக்காளியைத் தராசில் வைக்கிறாள். எடுக்கிறாள். மறுபடி வைக்கிறாள்.

மார்ச் 23, ஞாயிறு

காலைச் சாப்பாடு. கிண்ணம் தயாராக இருந்தது. இன்று படுக்கையறைக்குப் போகவில்லை. நோட்டையும் ஊசிப் பேனாவையும் மேசைக்கே கொண்டுவந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு.

"ஒரு ஹெல்ப் பண்ணு. நீதான் தப்புக் கண்டுபிடிக்கிறவனாச்சே. பத்து நாளா என் கணக்கு எங்கயோ உதைக்குது. எனக்கு மூளை கலங்கிடுச்சோன்னு பயமா இருக்கு. இதைப் பாரு. தக்காளி அஞ்சு. ரொட்டி பதினஞ்சு. டிரெஸ்ஸிங் — நாலு ஆறரை இருபத்தாறுதானே?"

"ஆமா."

"அப்ப டிரெஸ்ஸிங்குக்கு மட்டும் மூணு யூனிட். சரிதானே?"

பெருக்கல் சரி. எல்லாம் சரி. அந்த மூன்று யூனிட்டுக்காக ஊசிப் பேனாவின் முனையைத் திருகினாள். டிக், டிக், டிக். அந்த மூன்று சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது. இல்லாத சர்க்கரைக்கு ஊசி. பதினோரு நாளாக. நான் எடுத்த சர்க்கரையை அவள் உடம்பு வேறெங்கிருந்தோ கொடுத்துக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியிலேயே. என் வாய் சொன்னது: "இரு. இது கெட்ட வாடை அடிக்குது."

கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டினேன். பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே? நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு!"

"கெட்டுப்போச்சுங்கறேன்ல!"

என்னை வியப்பாகப் பார்த்தாள். நான் கத்தி அவள் கேட்டதில்லை. பிறகு ரொட்டிக்கு மட்டும் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

கடைக்குப் போய்ப் புது பாட்டில் வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டேன். முடிந்தது. யாருக்கும் தெரியாமல் வந்தது, யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

சொல்ல வேண்டுமா? சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

மார்ச் 24, திங்கள்

குளத்தில் ஆசிரியர்கள் அறையில் ஒரு சின்னக் குளிர்பெட்டி இருக்கிறதாம். மதியச் சாப்பாட்டுக்காக அவள் அதில் ஒரு டப்பா டிரெஸ்ஸிங் வைத்திருக்கிறாள். போன வாரம் வீட்டு பாட்டிலிலிருந்து நிரப்பிக்கொண்டு போனது.

எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி. "மீன் டீச்சர் வீட்டுக்காரரா? நான் குளத்துல லைஃப்கார்டு. பதறாதீங்க. மூச்சு இருக்கு."

மார்ச் 25, செவ்வாய்

மருத்துவமனை. முழித்துக்கொண்டாள். கையில் குளுக்கோஸ் குழாய்.

லைஃப்கார்டு தாழ்வாரத்தில் நின்று சொன்னார்: "இடுப்பளவு தண்ணி சார். பேச்சு குழறுச்சு. அப்புறம் அப்படியே மடங்கி உள்ள போனாங்க. எட்டுப் பசங்களும் கை தட்டிச் சிரிக்கிறாங்க. டீச்சர் விளையாட்டுக் காட்டுறாங்கன்னு நினைச்சுக்கிட்டு. நானும் ரெண்டு நொடி அப்படித்தான் நினைச்சேன் சார்." அந்த இரண்டு நொடியை அவர் மூன்று தடவை சொன்னார்.

உள்ளே அவள் கூரையைப் பார்த்துப் பேசினாள். "நான் வேலையை விட்டுடறேன். என் கணக்கை என்னாலயே நம்ப முடியல. என்னை நம்பி எப்படிப் பிள்ளைங்களைத் தண்ணில இறக்குவாங்க?"

அப்போது சொன்னேன். பாட்டில், கேரட், சொட்டு மருந்து, ஞாயிற்றுக்கிழமைப் பொய். வரிசையாக. வார்த்தை தேடாமல்.

அழவில்லை. திட்டவில்லை. கூரையிலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பி, "நாலு ஆறரை இருபத்தாறுதானேன்னு கேட்டேன். ஆமான்னே" என்றாள்.

"ஆமா."

"என் உடம்புல எனக்குன்னு இருந்தது அந்தக் கணக்கு ஒண்ணுதான். பதினஞ்சு வருஷம். எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நெனச்சேன்டா. நீ எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருந்திருக்க."

பிறகு, "அக்காவ வரச் சொல்லு."

மார்ச் 27, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா வாசலில் பையை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சிருப்பீங்க, தம்பி. அதான் பயமா இருக்கு. கெட்டது செய்யறவன்னா பூட்டு போட்டுக்கலாம். கொஞ்ச நாள் வராதீங்க."

மார்ச் 28, வெள்ளி

என்ன செய்தேன் நான்? அவளுக்குத் தெரியாம அவ உடம்புக்குள்ள கை விட்டேன். அதுவும் ருசியா. பாட்டிலப் பாத்து எவ்வளவு பெருமைப்பட்டேன் — ஏழாவது தடவை, எனக்கே வித்தியாசம் தெரியலன்னு. அவளுக்காகவா செஞ்சேன்? இல்ல, அந்த 'தெரியல'வுக்காகவா?

ஏப்ரல் 2, புதன்

குளத்து மேலாளர் அவளைத் தண்ணீரில் இறக்க மறுக்கிறார் என்று அக்கா சொன்னார். "காரணம் தெரியாம எப்படி? நாளைக்குப் பெத்தவங்க கேட்டா?" என்கிறாராம். அவள் காரணத்தைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாளா? வெட்கமா?

நானே போனேன். மேலாளர் குளோரின் வாடையடிக்கும் ஓர் அறையில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி: "அவங்ககிட்ட கேக்காமயா?"

"கேட்டேன். வேண்டாம்னாங்க. அப்புறம்தான் செஞ்சேன்."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எழுதிக் குடுங்க."

அங்கேயே எழுதினேன். ஒரு பக்கம். 'தவறு அவர் கணக்கில் இல்லை. நான் கொடுத்த உணவில்' என்று முடித்தேன். திரும்பப் படிக்காமல் கொடுத்த முதல் காகிதம்.

ஏப்ரல் 10, வியாழன்

மருத்துவரும் சான்று கொடுத்துவிட்டார். திங்கள்கிழமை முதல் அவள் குளத்தில் இறங்கலாம். அக்காதான் சொன்னார். அவள் இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

குளத்துக்கு எதிர்ச்சாரியில் நின்றேன். கண்ணாடிச் சுவர் வழியே நீலத் தொப்பிகள் மேலும் கீழும். அவள் விசில் சத்தம். உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

அவளே கூப்பிட்டாள். பழுப்பு நிறச் செருப்பு எங்கே என்று கேட்டாள். கட்டிலுக்கடியில் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மே 2, வெள்ளி

வந்துவிட்டாள். இரண்டு பை.

"மன்னிச்சுட்டு வரல. அக்கா வீட்டுல ஒரே குளியலறை, ஏழு பேர்" என்றாள். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை.

தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறாள். குழந்தைப் பேச்சு இல்லை. நானும் எடுக்கவில்லை.

மே 4, ஞாயிறு

மதியம். எனக்காக மட்டும் ஒரு டிரெஸ்ஸிங் கலக்கினேன். எலுமிச்சை, கடுகு, தயிர், கொஞ்சம் தேன். கைவாக்கில், கண் அளவாக. அவள் தன் கிண்ணத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். வெறும் இலையும் தக்காளியும். என் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

"ஸ்பூனுக்கு எவ்வளவு வரும்?"

இரண்டு கிராம் என்று நாக்கு நுனிக்கு வந்தது. இரண்டரை. ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கும்.

"தெரியல. நான் அளக்கல."

தலையாட்டினாள். உப்பை மட்டும் தூவிக்கொண்டு வெறும் இலையை மென்றாள். அவள் கிண்ணம் முதலில் காலியானது. நான் முடிக்கும்வரை எழுந்துபோகவில்லை.