எட்டாவது கேமரா

புதன், இரவு.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இன்று எட்டு கேமரா மாட்டினேன். எட்டாவதைப் பெண்கள் கழிப்பறை வாசலைப் பார்த்து வைக்கச் சொன்னார் மேனேஜர்.

"யார் எத்தினி வாட்டி போறாங்கன்னு தெரியணும்பா."

ஏணியில் ஏறி மாட்டிவிட்டேன். கோணம் சரியா என்று மானிட்டரைப் பார்த்தால், முதலில் வந்தது எஸ்தர், என் மனைவி. அங்கேதான் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். நின்று, நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"முகம் நல்லா தெரியுது" என்றார் மேனேஜர்.

வீட்டில் சாப்பிட்டதும் அவள், நாளை வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாள்.

"இன்னா எஸ்தர், தண்ணி வேணாவா?"

"வேணாங்க. குடிச்சா போவணும்ல."