டீக்கடையில் தொங்கும் கடிதம்

3-12-2007, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். விறகெல்லாம் ஈரம். சத்துணவுக் கூடத்தில் ஒரே புகை, கண்ணைத் திறக்க முடியவில்லை. முட்டை வரவில்லை, வியாழனுக்காம். சுரைக்காய் முற்றல். விதை எடுத்தே கை ஓய்ந்தது.

சாயங்காலம் கயல் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தாள். வெள்ளிக்கிழமை போட்டி. 'நான் போற்றும் மனிதர்.' நாலாம் வகுப்புப் பிள்ளை. அப்பாவைப் பற்றியே பேசச் சொல்லி டீச்சர் யோசனை. அவளுடைய சித்தப்பன், அதாவது என் கொழுந்தன் பாண்டி, தன் டீக்கடையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் எல்லையிலிருந்து எனக்கு எழுதிய கடைசிக் கடிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து சொன்னாள். நான் வெங்காயம் உரித்தபடி பாதிக் காதில் கேட்டேன். எட்டு வருஷமாக எனக்குத் தலைகீழ்ப் பாடம், என்ன புதிதாகக் கேட்க?

நடுவில் ஒரு வரி வந்தது. "என் பிள்ளையைவிட எனக்கு நாடு பெரிது. அவள் முகத்தைப் பார்க்காமலே போனாலும் எனக்குக் கவலையில்லை."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள். சித்தப்பா சொல்லிக்கொடுத்த ஆக்‌ஷன்.

அந்த இடத்தில் அவர் எழுதியது இது இல்லவே இல்லை. மறந்து போவேன் என்று இல்லை, இருந்தாலும் இங்கே எழுதி வைக்கிறேன்: "பாப்பா பாதத்தை நூலில் அளந்து கவரில் வைத்து அனுப்பு. ஈர்க்குச்சி வேண்டாம், தபாலில் ஒடிந்துவிடும். லீவில் வரும்போது ஷூ வாங்கி வருகிறேன்."

அவ்வளவுதான். பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். நடக்காத பிள்ளைக்கு ஷூ எதற்கு என்று எனக்குச் சிரிப்பு. ஆனாலும் நூலில் மஞ்சள் தடவி, குதிகாலுக்கு ஒரு முடிச்சு, பெருவிரலுக்கு ஒரு முடிச்சு போட்டு அனுப்பினேன். பத்தே நாளில் அவர் போய்விட்டார் என்று தந்தி வந்தது. நூல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தேன். அச்சாக அவர் கையெழுத்து. அந்த இரண்டு வரி மட்டும் கொஞ்சம் குண்டு எழுத்து. பாண்டி யாரையோ வைத்து எழுதியிருக்கிறான், கட்டையில போறவன்.

கயலிடம் உட்காரவைத்துச் சொன்னேன். நூல், முடிச்சு, ஷூ, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எனக்காகச் சொல்லுறம்மா நீ. அப்பா கையெழுத்துதான இது?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

4-12, செவ்வாய்

கூடத்தைப் பூட்டிவிட்டு, எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டுக்குப் போனேன். பாண்டி கடைக்குள் கால் வைத்து இரண்டு வருஷம் இருக்கும். பஸ்ஸில் போகும்போது மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு சரி.

ஐயப்ப சீசன். கம்பம், குமுளி போகிற வண்டி அத்தனையும் அங்கன நிற்கிறது. பாண்டி வைத்திருக்கிற போர்டை அப்படியே எழுதுகிறேன். 'வீரர் நினைவிடம். டீ, காபி, வடை, பன்னீர் திராட்சை, மலைத்தேன், ஏலக்காய், நேந்திரம் சிப்ஸ். குளியல், கழிப்பறை வசதி உண்டு. சாமிகள் வருக.' எல்லாம் ஒரே வரிசையில். வீரரும் கழிப்பறையும் ஒரே பெயின்ட்.

கடை வாசலில் ஊர் வைத்த அவர் சிலை. அதைச் சுற்றி உள்ள கம்பியில் கறுப்பு வேட்டிகளும் துண்டுகளும் காய்கின்றன. பீடத்து இடுக்கில் பேப்பர் கப்பு. துப்பாக்கி முனையில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கிறார்கள். முன்னால் தேங்காய்ச் சில்லு, சூடம் கரிந்த கறை. காவல் தெய்வம் என்று நினைத்து எவரோ ஒருத்தர் முதலில் உடைத்திருக்கிறார், பின்னால் வந்த வண்டி எல்லாம் உடைக்கிறது. ஒரு குருசாமி தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவரு மிலிட்டரி சாமி. வழித்துணைக்கு வருவாரு. கும்பிட்டுட்டுப் போங்க." பாண்டி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேங்காயும் அவன் கடையில்தான் விற்கிறது.

அவருக்குக் கூட்டமே ஆகாது. கல்யாணத்தன்றே பந்தலை விட்டு வெளியே போய் நின்ற மனுஷன்.

கடிதம் பாய்லருக்கு மேலே. லேமினேஷன் போட்டு, சட்டம் அடித்து, சீரியல் பல்பு சுற்றி. ஆறு வருஷத்துக்கு முன்னால் சிலை திறந்த அன்று, எல்லாரும் ஒரு நாள் பார்க்கட்டும், கொடுங்கள் என்று வாங்கிப் போனான். ஒரு நாள். நானும் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு தூரத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, கிட்டப் போய் வாசித்ததில்லை. மனப்பாடமான கடிதத்தை எவள் உற்றுப் பார்ப்பாள்? கீழே ஜெராக்ஸ் கட்டு. இந்தக் கார்த்திகையிலிருந்து புதிதாம். டீ, வடை வாங்கினால் கடிதம் ஒன்று.

கேட்டேன். அவன் மழுப்பவில்லை, அதுதான் ஆச்சரியம். ஒயிட்னர் வைத்து அழித்து, போர்டு எழுதுகிற ஆளை விட்டு எழுத வைத்தானாம். அவர் கடிதத்தின் மேலேயே.

"மதினி, ஷூவுக்கு நூல் அளக்கச் சொன்னாருன்னு எழுதியிருந்தா எவன் மதினி வண்டிய நிப்பாட்டுவான்?" என்றான்.

வாயில் நல்லா வந்தது. அடக்கிக்கொண்டு, கடிதத்தைக் கழற்றிக் கொடு என்றேன். சீசன் முடியட்டும், தையில் தருகிறேன் என்றான். டீ குடிக்கிறீர்களா என்றும் கேட்டான். தூ.

6-12, வியாழன்

மூடுபனி. மலையே தெரியவில்லை. முட்டை வந்தது, பதினொன்று உடைசல். துணி சோப்பு வாங்க வேண்டும். கயலுக்குச் சளி.

ஊர்ப் பெரியவர் ஒருத்தரிடம் போய்ச் சொன்னேன், சிலைக் கமிட்டியில் இருப்பவர். தம்பி நல்லாத்தானம்மா பராமரிக்கிறான், விளக்குப் போட்டிருக்கிறான், தண்ணீர் வசதி செய்திருக்கிறான் என்றார். கடிதம்? "ரெண்டு வரிதான ஆத்தா. நல்லதாத்தான எழுதியிருக்கான்." எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சொல்வார்கள். இங்கே பிடுங்குகிறவனுக்கு விளக்குப் பிடிக்க ஊரே நிற்கிறது.

கயல் என் முன்னால் மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்ச் சொல்லிப் பார்க்கிறாள்.

7-12, வெள்ளி

போட்டி. நான் கரண்டியோடு பின்னால் நின்றேன். அந்த வரியை விட்டுவிடு என்று காலையில் கெஞ்சினேன். விடவில்லை. நெஞ்சில் கை வைத்து, குரல் நடுங்காமல் சொன்னாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

வீட்டுக்கு வரும் வழியில் டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் பாலத்தில் நின்று கேட்டாள்.

"ஏம்மா, அப்பாவுக்கு என்னையப் பாக்கணும்னே தோணலையா?"

தோன்றியது என்றேன். "அப்பொறம் ஏன் எல்லாரும் கை தட்டுனாக?" என்றாள்.

  

8-12, சனி



மதியம் ஆற்றில் துணி துவைத்துவிட்டு வந்தால் கயலைக் காணோம். சித்தப்பா வண்டியில் கூட்டிப்போனார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். ஈரப் புடவையோடு விலக்கு ரோட்டுக்கு நடந்தேன், பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை.

மூன்று பஸ் நிற்கிறது. சிலைப் பீடத்தில் என் பிள்ளை நிற்கிறாள். பள்ளி யூனிபாரம், கழுத்தில் ஒரு சாமந்தி மாலை. சுற்றிலும் டீ கிளாஸோடு கூட்டம். அந்த வரியைச் சொல்லி முடித்தாள். மலைக்கு மாலை போட்டிருந்த ஒரு வயசான அம்மா வந்து அவள் கன்னத்தைத் தடவி, "பெத்த பிள்ளையே வேணாம்னு போயிட்டாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்று சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் திணித்தார். நல்ல மனசுக்காரிதான். அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. கயல் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதலில் கயல் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினேன். பிறகு கடைக்குள் போய் பெஞ்சில் ஏறி, சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. சீரியல் பல்பு இரண்டு உடைந்தது. வடைத் தட்டில் சுண்ணாம்பு உதிர்ந்தது. சாமிகள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள், ஒருத்தர் சரணம் வேறு சொன்னார்.

பாண்டி கையைப் பிடிக்க வந்தான். கூட்டம் பார்க்கிறது என்று தெரிந்ததும் குரலை இறக்கினான். "அண்ணன் எனக்குந்தான மதினி. நான் இல்லைன்னா இங்கன அவரை யாரு நெனைப்பா?" என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் நிஜமாகவே கலங்கியது. அதுதான் இன்னும் குமட்டியது. அழுகிறவனாக இருந்துகொண்டே இதையும் செய்திருக்கிறான்.

"நெனைக்காம இரு. அதுவே பெரிய உபகாரம்," என்றேன்.

அந்த வயசான அம்மாவிடம் மட்டும் நின்று சொன்னேன். அவர் அப்படி எழுதவில்லை அம்மா, பிள்ளை காலுக்கு ஷூ அளவு கேட்டு எழுதினார் என்று.  பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டார்.

திரும்பும்போது கயல் சிப்ஸை வாய்க்காலில் போட்டாள்.

9-12, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. இட்லி மாவு புளித்துவிட்டது.

கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தேன். லேமினேஷனை ஓரத்தில் பிளேடால் கீறி உரித்தேன், ஒயிட்னரைச் சுரண்டினால் அடியில் அவர் எழுத்து தெரியும், கயலுக்குக் காட்டலாம் என்று. சூடு வைத்து ஒட்டியது போலிருக்கிறது. பிளாஸ்டிக்கோடு தாளின் மேல்தோலும் உரிந்து வந்துவிட்டது. அந்த இடம் வெறும் வெள்ளைப் பஞ்சு. போர்டுக்காரன் வரியும் போச்சு, அவர் வரியும் போச்சு. பக்கத்திலேயே கயல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "போகட்டும்மா" என்று என்னைத் தேற்றினாள். எட்டு வயசு.

என் புத்திகெட்டதனம். இருந்ததையும் கெடுத்தேன். 

அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். அவர் சாமான்கள் என்று ராணுவத்திலிருந்து வந்தது. அன்று ஊரே கூடி நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, திரும்ப வைத்துப் பூட்டியதோடு சரி. தனியாக நான் திறந்ததே இல்லை. அவர் கையெழுத்து வேறு எதிலாவது இருக்காதா, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை எங்காவது கிறுக்கியிருக்க மாட்டாரா என்று தேடினேன். ஸ்வெட்டர். ஷேவிங் செட். பூஞ்சை பிடித்த பெல்ட். கம்பளிக் காலுறை. பர்ஸ்.

பர்ஸில் என் கல்யாணப் போட்டோ. வெளியே எடுத்தால் பின்னால் மடித்த பாலித்தீன் துண்டு, அதற்குள் நூல். மஞ்சள் வெளுத்துப் பழுப்பாகியிருக்கிறது. இரண்டு முடிச்சும் அப்படியே.

போய்ச் சேர்ந்திருக்கிறது.

கயலைக் கூப்பிட்டேன். நூலைக் கையில் கொடுத்தேன்.  குதிகாலில் ஒரு முடிச்சை வைத்துத் தரையில் நீட்டினாள். பாதி உள்ளங்கால்கூட எட்டவில்லை.

"இம்புட்டுத்தானா இருந்தேன்?" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும்.

10-12, திங்கள்

சாரல் மறுபடி. இன்று கூடத்தில் அவரைக்காய், புடலங்காய். முட்டை இல்லை.

பாண்டி ஆள் விட்டான். கடிதம் வேண்டுமாம், வண்டிக்காரர்கள் கேட்கிறார்களாம். உரிந்த தாளைக் காட்டி அனுப்பினேன். ஜெராக்ஸ் ஒன்று அவனிடம் இருக்கத்தான் செய்யும், அதையே சட்டம் அடித்து மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொள்ளட்டும். நூலைப் பற்றி அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் பல்பு போடுவான்.

சனிக்கிழமை தேனிக்குப் போய்க் கயலுக்கு ஷூ எடுக்க வேண்டும். நேரில் போட்டுப் பார்த்து வாங்கலாம், நீயும் வா என்றேன். வரமாட்டாளாம். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நூல் எடுத்து அளக்கச் சொன்னாள். அளந்தேன், மஞ்சள் தடவி, இரண்டு முடிச்சு.